வாசிப்பறைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது குறித்துச் சம்பந்திக்கு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்துக்குப் பணிவன்புடன் எழுதிக்கொள்வது.

"சமூகத்துக்கு" என்று எழுதும்போதே அக்கம்பக்கம் பார்த்துக்கொள்கிறேன். ஐந்து மாதமாக இந்த வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சும்மா உச்சரிக்க முடிவதில்லை. உச்சரித்தால் "எந்த அர்த்தத்துல சொல்றீங்க?" என்று ஒருவர் குறிப்பேட்டை எடுக்கிறார், "எத்தனை பேரைச் சேத்துச் சொல்றீங்க?" என்று இன்னொருத்தி கணினியைத் திறக்கிறாள். முந்தையவர் தங்கள் மகன். பிந்தையவள் என் மகள். நானும் என் வீட்டுக்காரியும் சௌக்கியம். தாங்களும் சம்பந்தியம்மாவும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எதன் அடிப்படையில் நம்புகிறீர்கள் என்று தாங்களாவது கேட்கமாட்டீர்கள் அல்லவா?

சென்ற மாதம் தாங்கள் போனில் "பிள்ளைங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டபோது "ரொம்ப நல்லா இருக்காங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் மகள் ஓர் அறையிலும் மாப்பிள்ளை இன்னோர் அறையிலும் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள், நான் நடுவில் தபால்காரன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். சம்பந்தியிடம் பொய் சொன்னவன் என்ற பேர் வேண்டாம் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீதிமன்றத்தில் முப்பது வருடம் சாட்சிகள் சொன்னதை எல்லாம் எழுதி எடுத்தவர் தாங்கள். எது உண்மை, எது உளறல் என்று பிரித்துக்கொள்வீர்கள். கல்யாணம் பேசும்போது "ஒரே சமூகவியல் படிப்பு, ஒரே பல்கலைக்கழகம், சண்டைக்கு இடமேது?" என்று தாங்கள் சொன்னதை நான் இங்கே நினைவுபடுத்தவில்லை. அப்படி நினைவுபடுத்துவது மரியாதையாகாது.

எங்கள் குடியிருப்பில் தொண்ணூற்றாறு வீடுகள். தரைத்தளத்தில் மாநகராட்சியின் வாசிப்பறை ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு நாற்காலி, இரண்டு நீள மேசை, தெருவைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து நான் அங்கேதான் பத்திரிகை படிக்கிறேன். அதில் ஆள் வருவதில்லை என்றும், அதை மூடிவிட்டு உடைந்த தெருவிளக்குகளை அடுக்கி வைக்கும் கிடங்காக்கலாம் என்றும் மாநகராட்சியில் ஒரு யோசனை கிளம்பியது. கிளப்பியவர்கள் நேரே வந்து மூடித் தொலைத்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. "ஜனங்கள் ஏன் வருவதில்லை?" என்று ஆராய்ந்து சொல்லும்படி பல்கலைக்கழகத்தைக் கேட்டார்கள். அங்கே இரண்டு பேராசிரியர்கள். ஒருவர் ஏறிய லிஃப்டில் மற்றவர் ஏறமாட்டாராம். ஒருவர் என் மகளை அனுப்பினார். மற்றவர் தங்கள் மகனை அனுப்பினார். இரண்டு பேரும் ஒரே பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அவர்கள் வழிகளுக்குப் பெரிய பெரிய பேர்கள் உண்டு. மகளுடையது நேர்க்காட்சிவாதமாம், மாப்பிள்ளையுடையது பொருள்விளக்க அணுகுமுறையாம். என் வாயில் நுழையவில்லை. எண்ணுகிற கட்சி, கேட்கிற கட்சி என்று வைத்துக்கொண்டேன். முதல் நாள் சாப்பாட்டு மேசையிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. மாப்பிள்ளை சொன்னார்: "மனுஷன் கல்லு இல்ல மாமா. கல்லு கீழ விழும்போது ஏன் விழறோம்னு யோசிக்காது. மனுஷன் யோசிப்பான். அவன் என்ன நினைச்சுச் செய்யறான்னு அவன்கிட்டயே கேட்டாத்தான் புரியும்." மகள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "யோசிச்சாலும் விழத்தானே செய்யறான்? ஆயிரம் பேரு எப்ப விழறாங்க, எங்க விழறாங்கன்னு எண்ணினா காரணம் தானா வெளிய வரும்" என்றாள். நான் முப்பத்துமூன்று வருடம் வீடு வீடாக மின்சார மீட்டர் கணக்கெடுத்தவன். என் மனசு எந்தக் கட்சிப் பக்கம் சாய்ந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மாப்பிள்ளை முகத்துக்காக இரண்டு பக்கமும் தலையாட்டினேன்.

மகள் ஐம்பத்துநான்கு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தாள். சோதனைக்கு முதல் ஆள் நான். பதினேழாவது கேள்வி: "மொத்தத்தில் உங்கள் வாழ்க்கை எவ்வளவு திருப்தியாக இருக்கிறது? ஒன்று முதல் ஐந்துக்குள் குறிக்கவும்." நான் நல்லெண்ணத்தோடு நான்கு என்று குறித்தேன். அடுக்களையிலிருந்து என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "மிச்சம் ஒண்ணு எங்க போச்சு?" என்றாள். "எந்த ஒண்ணு?" என்றேன். "அஞ்சுல நாலு போனா மிச்சம் ஒண்ணு இருக்குமே, அது யாரால குறைஞ்சுது?" என்றாள். முழங்கால் வலி என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். "முழங்காலுக்கு ஒரு முழு மார்க்கா? அப்ப பல்லுக்கு? தூக்கம் வரலைன்னு தினம் சொல்றீங்களே, அதுக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் கணக்குப்படி என் வாழ்க்கை பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டது. மகள், "அம்மா, பதில் சொல்றவரைப் பாதிக்காதீங்க" என்றாள். "நாப்பது வருஷமாப் பாதிச்சுட்டுத்தான் இருக்கேன், இப்ப என்ன புதுசா?" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரி உள்ளே போய்விட்டாள்.

மாப்பிள்ளையிடம் படிவமே கிடையாது. ஒரே ஒரு கேள்விதான். "அந்த அறை உங்களுக்கு என்ன மாமா?" என்றார். "பத்திரிகை படிக்கிற இடம்" என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன். அவர் ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் அப்படிக் கனிவாகப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தால் எவ்வளவு நேரம்தான் வாயை மூடிக்கொண்டிருப்பது? மூன்று மணி நேரம் பேசிவிட்டேன். அதை அப்படியே எழுதி நாற்பத்தொரு பக்கமாகக் கொண்டுவந்து கொடுத்தார். "(இருமுகிறார்)", "(நீண்ட மௌனம்)", "(மூக்கைச் சொறிகிறார்)" என்று எல்லாம் இருந்தது. நான் நூற்றுப்பன்னிரண்டு தடவை "அதாவது" என்று சொல்லியிருந்தேன். நடுவில் ஓர் இடத்தில், "காலையில பத்து மணி ஆச்சுன்னா மனுஷன் எங்கயாவது இருந்தாகணும் இல்லையா" என்று இருந்தது. இதை நானா சொன்னேன் என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். நான்தான் சொல்லியிருக்கிறேன்.

இதற்குள் மகளின் படிவங்கள் எழுபத்தொரு வீடுகளிலிருந்து திரும்பி வந்தன. அதில் ஐம்பத்திரண்டு வீட்டுக்காரர்கள் போன வாரம்தான் வாசிப்பறைக்குப் போனதாக எழுதியிருந்தார்கள். நான் போன வாரம் முழுக்க அங்கேதான் இருந்தேன். இரண்டு சிறுமிகளையும், ஓய்வு பெற்ற பல் மருத்துவரையும், தூங்க வந்த ஒருவரையும் தவிர யாரையும் பார்க்கவில்லை. "வாய் பொய் சொல்லும்ப்பா, கருவி சொல்லாது" என்று மகள் வாசிப்பறைக் கதவில் ஒரு சின்னக் கருவியைப் பொருத்தினாள். யார் உள்ளே போனாலும் சிவப்பு விளக்கு ஒரு தடவை மின்னும், எண் ஒன்று கூடும். முதல் நாள் ஆறு. இரண்டாம் நாள் ஆறு. மூன்றாம் நாளும் ஆறு.

சம்பந்தி அவர்களே, இனி எழுதப்போவதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

அந்த ஆறை நான் இரண்டு தடவை குனிந்து பார்த்தேன். ஆறு பேருக்காக யார் ஓர் அறையைத் திறந்து வைப்பார்கள்? உடைந்த தெருவிளக்குகள் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போலவே கண்ணுக்குத் தெரிந்தது. நாலாம் நாள் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவன் தண்ணீர் குடிக்க எழுந்து வெளியே போய்த் திரும்பினேன். விளக்கு மின்னியது. எண் கூடியது. சரி, இன்னொரு தடவை தண்ணீர் குடித்தால் என்ன என்று தோன்றியது. அன்று பன்னிரண்டு தடவை தாகம் எடுத்தது. மறுநாள் இருபது. வாசிப்பறையைப் பார்த்துக்கொள்கிற அம்மாள், "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரா சார்?" என்று கேட்டார். "ஆமாம்மா" என்றேன். அதற்குப் பிறகு தண்ணீரும் தேவைப்படவில்லை. மூன்று வாரத்தில் ஒரு நாளைக்கு எண்பத்தெட்டு தடவை உள்ளே போய் வெளியே வருகிற அளவுக்குத் தேறிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் வீட்டுக்காரி வெளியே விடமாட்டாள். இதைச் செய்தது யார்? மின்கணக்கு குறைவாக ஓட மீட்டர்மேல் காந்தம் வைத்த ரொட்டிக்கடைக்காரரை "உழைச்சுச் சாப்பிடறவன் செய்யற வேலையா இது?" என்று நடுத்தெருவில் வைத்துக் கேட்ட அதே ஆள்.

மகளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆறில் தொடங்கிய எண் தொண்ணூற்றுநான்குக்கு ஏறிவிட்டது! அந்த மூன்று வாரமும் வெயில் வேறு ஏறிக்கொண்டே வந்தது. அவள் இரண்டையும் ஒரு கோட்டுப்படத்தில் போட்டாள். இரண்டு கோடும் அண்ணன் தம்பி மாதிரி சேர்ந்தே ஏறின. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் வாசிப்பறைக்கு இருபத்திரண்டு பேர் கூடுகிறார்கள், மின்விசிறிதான் காரணம் என்று முடிவு கட்டினாள். அவளுடைய பேராசிரியர் கைகுலுக்கினாராம். நான் வெயிலின் விளைவாகிவிட்டேன்.

மாப்பிள்ளை இதையெல்லாம் வாசிப்பறை மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மூன்று பக்கங்களைக் கையில் கொடுத்து, "மாமா, உங்களைப் பத்தி எழுதியிருக்கேன். பேரு வராது. படிச்சுப் பாத்துச் சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க" என்றார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தபடியே படித்தேன். ஓய்வு பெற்ற ஒரு மனிதர் திரும்பத் திரும்ப ஒரு வாசலைக் கடக்கிறார் என்றும், வேலைக்குப் போய் வீடு திரும்பிய முப்பத்துமூன்று ஆண்டுகளை அந்த வாசலில் மறுபடி வாழ்ந்து பார்க்கிறார் என்றும், அது சொல்லப்படாத ஒரு துக்கத்தின் வெளிப்பாடு என்றும் எழுதியிருந்தார். படித்து முடித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. இவ்வளவு துக்கம் எனக்கு இருப்பது எனக்கே தெரியாமல் போய்விட்டதே என்று வருத்தமாகவும் இருந்தது. அவ்வளவு அழகான எழுத்தை "இல்ல மாப்பிள்ளை, இது திருட்டுத்தனம்" என்று எப்படிக் கெடுப்பது? கையெழுத்துப் போட்டேன்.

வினை அன்று மத்தியானச் சாப்பாட்டிலேயே வந்தது. மகள் தன் கோட்டுப்படத்தைப் பற்றிச் சொல்லச் சொல்ல, மாப்பிள்ளை பொறுக்கமாட்டாமல், "உன் தொண்ணூத்திநாலு பேர்ல ஒரே ஆள் எண்பது தடவைக்கு மேல வர்றார், அது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டார். எனக்குப் புரையேறியது. என் வீட்டுக்காரி தலையில் தட்டினாள்.

"யாரு?" என்றாள் மகள்.

"சொல்ல மாட்டேன். வாக்குக் குடுத்திருக்கேன்."

"என் கணக்கு மொத்தமும் தப்புன்னு தெரிஞ்சும் மூணு வாரமா பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்களா?"

"நான் நடுவுல புகுந்தா நடக்கறதே மாறிடும். அது அவரோட உலகம். அதுல கை வைக்க எனக்கு உரிமை இல்ல."

"வெள்ளிக்கிழமை அதிகாரி முன்னாடி நான் அந்த எண்ணைப் படிக்கணும். யாருன்னு சொன்னாத்தான் கழிக்க முடியும்."

"சொன்னா இனிமே எவனும் என்னை நம்பி வாயத் திறக்க மாட்டான்."

யோசித்துப் பாருங்கள்; இரண்டு பேர் சொல்வதும் நியாயம். அநியாயம் ஒன்றே ஒன்றுதான், அது இருமிக்கொண்டிருந்தது. மகள் பெட்டியை எடுத்து அடுத்த அறைக்குப் போய்விட்டாள். மூன்று நாள் வீட்டில் பேச்சு இல்லை. "அப்பா, என் சார்ஜரை அவர் எடுத்தாரான்னு கேளுங்க." "மாமா, எடுக்கலைன்னு சொல்லுங்க." தாங்கள் போன் செய்தது இந்த மூன்று நாளில்தான். வெள்ளிக்கிழமைக் கூட்டம் முடிந்ததும் பல்கலைக்கழக விடுதிக்குப் போய்விடுவதாக மகள் தன் அம்மாவிடம் சொன்னாள். மாப்பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்து குறிப்பேட்டில் ஒன்றும் எழுதாமல் இருந்தார். அவர் ஒன்றும் எழுதாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. சொல்லிவிடலாம் என்று நாலு தடவை மகளின் கதவு வரைக்கும் போனேன், நாலு தடவையும் திரும்பி வந்தேன். முப்பத்துமூன்று வருட நாணயம் சட்டையைப் பிடித்து இழுத்தது.

வெள்ளிக்கிழமை வாசிப்பறை நிரம்பி வழிந்தது. கூட்டம் என்றால் மட்டும் எல்லோரும் வந்துவிடுகிறார்கள். மாநகராட்சி அதிகாரி அம்மாள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மகள் எழுந்து நின்றாள். "என் கணக்குல ஒரு பிழை இருக்கு, ஆனா எவ்வளவு பிழைன்னு எனக்குத் தெரியல. ஒரு நாளைக்குத் தொண்ணூத்திநாலு..." என்று தொடங்கினாள். தெரியாததைத் தெரியாது என்று அவ்வளவு பேருக்கு முன்னால் சொன்னாள், சம்பந்தி அவர்களே. அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன்.

"அம்மா, அதுல எண்பத்தெட்டு நான்."

அதிகாரி கண்ணைச் சுருக்கினார். "எண்பத்தெட்டாம் நம்பர் வீடா?"

"இல்லம்மா. எண்பத்தெட்டு தடவை. உள்ள போயி வெளிய வருவேன், மறுபடி உள்ள போவேன். ரூமை மூடிடுவீங்களோன்னு பயந்து செஞ்சுட்டேன்."

அறை முழுக்கச் சிரிப்பு. வாசிப்பறை அம்மாள், "அப்ப டாக்டர் சொல்லலையா?" என்றார். மகள் "அப்பா!" என்றாள். மாப்பிள்ளைக்கு அதைவிட அடி. "மாமா, அப்ப அது துக்கம் இல்லையா?" என்றார். "துக்கம்தான் மாப்பிள்ளை, ஆனா நீங்க எழுதின அளவுக்கு இல்ல" என்றேன்.

சிரிப்பு அடங்கியதும் நாலாம் மாடியில் இருக்கிற பேருந்து ஓட்டுநர் எழுந்தார். "இவரையே கேட்டுட்டிருக்கீங்க. நாங்க ஏன் வரலைன்னு நான் அப்பவே சொன்னேனே, கண்ணாடின்னு. இந்தத் தம்பிகிட்ட மூணு தடவை சொன்னேன். அந்தப் படிவத்துலயும் எழுதினேன்" என்றார்.

மாப்பிள்ளை குறிப்பேட்டைப் புரட்டினார். இருந்தது. "அந்தக் கண்ணாடிதான் சார் பிரச்சினை, அதைப் பாத்தாலே கூச்சமா இருக்கு" என்று ஓட்டுநர் சொன்னதை எழுதி, அதற்குக் கீழே, "தன் முகத்தைத் தானே பார்க்க அஞ்சும் மனிதர்" என்று அரைப்பக்கம் விளக்கம் எழுதியிருந்தார். மகள் படிவங்களைப் புரட்டினாள். வராததற்குக் காரணம் என்ற இடத்தில் பதினேழு பேர் "கண்ணாடி" என்று ஒரே சொல்லை எழுதியிருந்தார்கள். அவள் அத்தனையையும் மூக்குக்கண்ணாடி என்று எடுத்துக்கொண்டு "பார்வைக் குறைபாடு" என்ற தலைப்பில் சேர்த்திருந்தாள். ஒருவர் முகம் பார்க்கிற கண்ணாடி என்றார், ஒருத்தி மூக்கில் மாட்டுகிற கண்ணாடி என்றாள். ஓட்டுநர் கையை நீட்டித் தெருப் பக்கச் சுவரைக் காட்டினார். "இந்தக் கண்ணாடி! எனக்கு ராத்திரி டியூட்டி, பகல்ல சும்மா இருக்கேன். இங்க உக்காந்து படிச்சா தெருவுல போறவன் பூரா பாக்கறான். பாவம், வேலை போயிடுச்சு போலன்னு என் மச்சினனே போன் பண்ணிக் கேட்டான்." பின்னாலிருந்து ஏழெட்டுப் பேர், "அதேதான், அதேதான்" என்றார்கள்.

மகள் சட்டென்று உட்கார்ந்து கணினியைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இருபத்துமூன்று, இருபத்தைந்து என்று எண் வந்திருந்ததையும், மற்ற நாளோடு ஒத்துப்போகாத எண் என்று தானே அதை ஒதுக்கி வைத்ததையும் மெல்லச் சொன்னாள். அன்றைக்குத்தான் நான் போகவே இல்லையே! மாப்பிள்ளை அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஞாயித்துக்கிழமை யாரும் வேலை இல்லாதவன்னு நினைக்க மாட்டாங்க" என்றார். "அதனாலதான் அன்னைக்குக் கூடுது" என்றாள் அவள். மூன்று நாளில் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு. அதிகாரி இருமிப் பார்த்தார், இருவரும் நிமிரவில்லை.

அதிகாரி மூன்று மாதம் தவணை கொடுத்தார். மறுநாளே நாங்கள் மூவரும் கண்ணாடியில் தோள் உயரத்துக்கு வெள்ளைத் தாள் ஒட்டினோம். மகள் அளந்தாள், மாப்பிள்ளை உள்ளே ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து "இப்பக் கூச்சமா இல்ல" என்று குரல் கொடுத்தார், நான் பசை தடவினேன். இப்போது தினம் முப்பத்தொரு பேர் வருகிறார்கள். அத்தனையும் தனித்தனி ஆட்கள். நான் அதில் ஒன்று. இருவரும் சேர்ந்து ஒரே அறிக்கை எழுதியிருக்கிறார்கள். எண்ணாமல் கேட்டால் எத்தனை பேர் என்று தெரியாது, கேட்காமல் எண்ணினால் எதை எண்ணினோம் என்று தெரியாது என்று மகள் முன்னுரையில் எழுதியிருக்கிறாள். அதில் "கேட்காமல்" என்ற சொல்லுக்குக் கீழே மாப்பிள்ளை கோடு போட்டிருக்கிறார். பேராசிரியர்கள் இருவரும் கையெழுத்துப் போட ஒரே லிஃப்டில் வந்தார்களாம்.

ஆகவே தாங்கள் எதற்கும் கவலைப்பட வேண்டாம். தாங்களும் சம்பந்தியம்மாவும் அவசியம் கிளம்பி வந்து ஒரு பத்து நாள் எங்களோடு தங்க வேண்டும். வீடு இப்போது விசாலமாகவும் அமைதியாகவும் இருக்கிறது. பிள்ளைகள் ஓயாமல் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பதைத் தாங்களே காதாரக் கேட்கலாம். தங்கள் மகனைப் போல ஒரு மாப்பிள்ளை கிடைக்க நாங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும். என் துக்கத்தை எனக்கே சொன்னவர் அவர். தங்கள் இருவருக்கும் எங்கள் வணக்கம். தங்கள் இளைய மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். எல்லோரும் நோய் நொடியின்றி, நினைத்தது நடந்து, நீண்டகாலம் நிறைவோடு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத,
சம்பந்தி

பி.கு.: நான்கு நாள் முன்பு இதை உறையில் போடும்போது மாநகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முப்பத்தொரு பேர் வரும் இடத்தில் பன்னிரண்டு நாற்காலியும் ஒரே வாசலும் இருப்பது பாதுகாப்பு விதிகளுக்கு முரணானதாம். வேறு பெரிய இடம் கிடைக்கும்வரை வாசிப்பறை மூடப்படுகிறதாம். பூட்டியும் விட்டார்கள். முப்பத்தொரு பேரும் எங்கே போவார்கள்? வாசிப்பறைக்கு நேர் மேலே இருப்பது எங்கள் வீடு. இப்போது பல் மருத்துவர் என் கட்டிலில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறார். ஓட்டுநர் எங்கள் முன்னறையில் "அமைதி காக்கவும்" என்று ஒரு பலகை மாட்டிவிட்டார். அதனால் மகளும் மாப்பிள்ளையும் மறுபடி பேசிக்கொள்வதில்லை. சீட்டில் எழுதி என் கையில் கொடுக்கிறார்கள். மேலே எழுதிய அழைப்பைத் தயவுசெய்து நிறுத்தி வைக்கவும். கட்டாயம் வருவதென்றால் கையோடு ஒரு நாற்காலி கொண்டுவரவும். சம்பந்தியம்மாவும் வருவதானால் இரண்டு.